சைரன் மூச்சு விடும் இடம்

அந்தத் தெருக்களில் அவருக்குப் பெயர் சைரன். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. தள்ளுவண்டியோடு தெருமுனை திரும்பி, "பழேய்ய்ய இரும்பு... பேப்பரு... பிளாஸ்டிக்கேய்ய்..." என்று ஒரு சத்தம் போட்டார் என்றால் மூன்றாம் மாடியில் தூங்குகிற கைக்குழந்தை வீறிட்டு விழிக்கும். அதன் தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு, உடைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவளேதான் இறங்கியும் வருவாள். தொழில் அப்படி நடந்தது.

யாரையும் நம்பாத மனுஷன். நம்பினால் தராசு பிடிக்க முடியாது. பேப்பர்க் கட்டின் நடுவில் தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். நசுங்கின அலுமினியக் குடத்துக்குள் கல்லைப் போட்டு, வாயை இன்னும் கொஞ்சம் நசுக்கிக் கொடுத்த பெரிய மனிதர்களையும் பார்த்திருக்கிறார். கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பார்க்காமல் எடை போட மாட்டார். அந்தக் கை வீட்டுக்குள்ளும் நீண்டது. மருந்து பாட்டில் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பஸ் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பெண்டாட்டி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்ப்பார்.

மகன் தூரத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கல்யாணம் ஆகி மருமகளை இங்கே கொண்டுவந்து விட்டான், வீடு கிடைத்ததும் கூட்டிப் போகிறேன் என்று. வந்தவள் ஒரு பெட்டி துணியும் இரண்டு பெட்டி வயரும் கொண்டுவந்தாள். அது போதாதென்று, பின்கட்டில் அவர் பித்தளை போட்டு வைக்கிற அறையைக் கேட்டாள். வாய்விட்டுக் கேட்டுவிட்ட பெண்ணிடம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொடுத்தார். மறுநாளே சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் ரஜாயும் தொங்கின. எல்லாம் அவர் வண்டியில் வந்த சரக்குதான்.

"மனுஷன் படுக்க வேண்டிய மெத்தையில சுவரு படுத்துக் கிடக்கு" என்றார் பெண்டாட்டியிடம்.

"சத்தம் முட்டித் திரும்பக் கூடாதாம். அதுக்கு."

"என்ன வேலைடி இது? பாட்டுப் பாடுறாளா?"

"பாடுறவங்க வருவாங்க. இவ அதைப் பிடிச்சு, வெட்டி ஒட்டி, தாளம் சேர்த்து, நல்லா ஆக்கிக் கொடுப்பா. அந்த லேப்டாப்புல அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்காம்."

"சத்தத்தை வெட்டி ஒட்டுறதா? கண்ணுல படாத சரக்கு, தராசுல நிக்காத சரக்கு. அதுக்கு ஒரு வியாபாரமா?"

ஆனால் வியாபாரம் நடந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் டீச்சர் வந்தாள். துணிக்கடை விளம்பரத்துக்கு ஒரு கட்டைக்குரல்காரன் வந்தான். கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கிற கிட்டார்க்காரன் ஒருத்தன் வந்து, முற்றத்தில் கிடந்த தகரத்தில் இடறி விழுந்து, விழுந்த சத்தம் நல்லா இருக்கிறது என்று அதையும் பதிவு செய்துகொண்டு போனான். இரும்புக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி வரவில்லை.

*

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தொண்டை மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குரல் வர நேரம் ஆகும். வந்தாலும் பாதியில் உடையும். 'பழைய' வரும், 'இரும்பு' வராது. சுடுதண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் கொப்பளித்துப் பார்த்துவிட்டு, பெண்டாட்டியின் நச்சரிப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் வாய்க்குள் குழாயை விட்டுப் பார்த்தார்.

"ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?"

"கத்துற வேலை."

"அதை நிறுத்துங்க. குரல் நாண்ல சதை வளர்ந்திருக்கு. இன்னும் கத்தினீங்கன்னா அறுத்து எடுக்க வேண்டி வரும். அப்புறம் இருக்கிற குரலுக்கு நான் பொறுப்பில்லை."

வெளியே வந்ததும், "இந்தாளு மருந்துக்கடைக்காரன் மச்சானா இருப்பான்" என்றார். ஆனால் வழி முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டில் பெண்டாட்டி முடிவே கட்டிவிட்டாள். "போதும். வண்டியை வித்துட்டு உட்காருங்க. பையன் சம்பாதிக்கிறான், இந்தப் பொண்ணு சம்பாதிக்குது. உங்களுக்கு என்ன குறைச்சல்?"

"உட்கார்ந்தா நானே துருப்பிடிச்சுப் போவேன். நாளைக்கு நீயே என்னை எடைக்குப் போடுவே."

"போட்டாலும் யாரு எடுப்பா? பாதி வாய்தானே!"

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மாமா, ஒரே ஒரு தடவை என் ரூம்ல வந்து கத்துங்க. நான் பிடிச்சு வச்சுக்கிறேன். வண்டியில ஒரு ஸ்பீக்கர் கட்டிடலாம். அது கத்தும், நீங்க தள்ளுங்க."

"என் குரலை நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"சட்டினியா அரைப்பா" என்றாள் மாமியார். "போய்க் கத்துங்களேன்."

*

அறைக்குள் போனதும் அவருக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. மைக்கை அவர் முகத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, மருமகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ம், கத்துங்க."

கத்தினார். அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். "ஐயோ மாமா! மீட்டர் சிவப்பு அடிக்குது. தாங்காது. மைக்கைத் தள்ளி வைக்கிறேன்."

தள்ளி வைத்தாள். இப்போது குரலே வரவில்லை. வந்ததும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது மாதிரி 'பழைய. இரும்பு. பேப்பர்.' என்று வந்தது. மறுபடி, மறுபடி. அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"வராதும்மா. வண்டியைத் தள்ளிக்கிட்டே கத்திப் பழகினது. சும்மா நின்னா வயித்துலேருந்து எழும்ப மாட்டேங்குது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். மூலையில் துணி வைக்கிற இரும்பு பீரோ நின்றது. "அதைத் தள்ளுங்க."

"என்னது?"

"வண்டின்னு நினைச்சுத் தள்ளுங்க மாமா. நகராது. நீங்க தள்ளிக்கிட்டே கத்துங்க."

இரண்டு கையையும் பீரோவில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முதுகை வளைத்துத் தள்ளினார். அந்த முக்கலில் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது குரல். பழைய குரல், கரகரப்பு கொஞ்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் தெருமுனை திரும்புகிற அதே குரல். விட்டு விட்டு, வழக்கம்போலக் கத்தினார். அடுப்படியிலிருந்து பெண்டாட்டி, "இங்க ஒண்ணும் இல்ல, அடுத்த வீட்டுல கேளுங்க" என்றாள்.

மருமகள் அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். கறுப்புப் பின்னணியில் பச்சையாக மேடு மேடாக எழுந்து நின்றது. "இதுதான் உங்க குரல்."

அவர் குனிந்து பார்த்தார். தன் குரலைக் கண்ணால் பார்ப்பேன் என்று அவர் நினைத்ததில்லை. கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வழக்கமான கை நீண்டது. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இது என்ன, வெறும் கோடு?"

"அது நீங்க சும்மா இருந்த நேரம்."

"சும்மா இருந்ததை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கே?"

"அதுவும் வேணும் மாமா. விடாம கத்திக்கிட்டே இருந்தா காது வலிக்கும்."

"ஒண்ணுமில்லாததை ஓட்டுறதுக்கு பேட்டரி செலவா? இது பேப்பர்க் கட்டுக்குள்ள தண்ணி தெளிச்ச மாதிரில்ல இருக்கு! வெட்டு."

"மாமா, சொல்றதைக் கேளுங்க..."

"என் குரல்தானே? வெட்டுன்னா வெட்டு."

அவள் சுட்டியை நகர்த்தி வெறும் கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். மேடுகளை நெருக்கித் தள்ளினாள். கடைசியில் திரையில் இடுக்கே இல்லாமல் ஒரே மலையாக நின்றது. அவர் பக்கத்தில் நின்று, மூட்டை கட்டுகிறவனை மேற்பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இப்பதான் சரக்கு சுத்தம்" என்றார்.

*

முதல் நாள் தலைவர் ஊர்வலம் போகிற மாதிரிதான் போனார். ஸ்பீக்கர் கத்தியது, அவர் வாயை மூடிக்கொண்டு தள்ளினார். தொண்டைக்குச் சுகமாக இருந்தது. வண்டிதான் கனக்கவில்லை. இரண்டாம் நாளும் கனக்கவில்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தெருமுனையில் ஒரு அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து வண்டியைப் பிடித்தாள். கையில் கைப்பிடி போன இரும்புச் சட்டி.

"எத்தனை தடவை கூப்பிடுறது? காது என்ன வாடகைக்கா விட்டுட்டீங்க?"

"எங்கம்மா கூப்பிட்டே?" ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. சட்டியை வண்டியில் எறிந்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்கப் பாதி வண்டியோடு திரும்பினார். கோபம் வேறெங்கே போகும்?

"கம்ப்யூட்டர் குரலை எவன் மதிப்பான்? மனுஷன் குரல்னா மனுஷன் வருவான். என்னமோ கலந்துட்டா இவ."

"நீங்க சொன்னதைத்தானே அந்தப் பொண்ணு செஞ்சுது?" என்றாள் பெண்டாட்டி.

"நீ சும்மா இரு."

மறுநாள் இரண்டு தெரு தாண்டியதும் ஸ்பீக்கரை அணைத்தார். பீரோவைத் தள்ளியபோது வந்த குரல்தானே, இப்போதும் வரும் என்று நினைத்தார். வந்தது. மாடிகளிலிருந்து கூப்பிட்டார்கள். வண்டி கனத்தது. அந்தக் கனம் கையில் ஏறினதும் டாக்டரும் தொண்டையும் மறந்து போயிற்று. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நாலைந்து நாள் அப்படியே நடந்தது. வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மட்டும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். கேட்டதாக அவர் நினைத்தார். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மறுபடி அசைத்தார். பெண்டாட்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "என்னங்க? ஏங்க? பேசுங்களேன்." அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்த வீட்டில் அவர் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. அறுத்து எடுத்தார். குரல் வரும், ஆனால் மெதுவாகப் பேசுகிற அளவுக்குத்தான் வரும், தெருவில் கத்துகிற அந்தக் குரல் இனி இல்லை என்று சொன்னார். நான் சொல்கிற வரைக்கும் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றும் சொன்னார். மருமகள்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஒரு வார்த்தை, 'நான் அப்பவே சொன்னேனே' என்கிற வார்த்தை, அவள் வாயிலிருந்து வரவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள், தலையணையைச் சரிசெய்தாள், போனாள். வராத அந்த வார்த்தை வந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

*

வண்டி சும்மா நிற்கிறதே என்று பெண்டாட்டி ஒருநாள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். "நான் போறேன். அதான் உங்க குரல் இருக்கே." அவர் கையை ஆட்டி மறுத்தார். "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தவள் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வண்டியில் ஒரு உடைந்த நாற்காலி மட்டும் இருந்தது.

"அம்மாடி! என்ன வாயிது! மூடவே மாட்டேங்குது. மாடியிலேருந்து ஒருத்தி ஏதோ கூப்பிடுறா, என்னன்னு கேக்கலாம்னா இது விடல. இன்னொருத்தன் விலை கேக்குறான், பதில் சொல்லலாம்னா விடல. எதிராளியைப் பேச விட்டாத்தானே வியாபாரம்? கல்யாணம் ஆன நாளா வீட்டுக்குள்ள நான் பட்ட பாட்டை இன்னைக்கு ஊரே பட்டுச்சு!"

மருமகள் சிரித்துவிட்டாள். மாமியாரும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவை கத்தி முடித்ததும் தன்னை அறியாமல் வண்டியை நிறுத்தித் தலையைச் சாய்ப்பாரே, அது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவ்வளவு வருஷம் அவர் கத்தியது பாதிதான். மீதிப் பாதி காது கொடுத்தது. அந்தப் பாதியைத்தான் தண்ணீர் தெளித்த பேப்பர் என்று வெட்டச் சொன்னார்.

எழுந்து பின்கட்டு அறைக்குப் போனார். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார். மருமகள் திறந்தாள். அந்த ஒற்றை மலை வந்தது. அதன்மேல் விரலை வைத்து, இரண்டு கையையும் விலக்கிக் காட்டினார். பிறகு கையை விரித்தார்: போச்சு. தொண்டையைத் தொட்டுக் காட்டினார்: மறுபடி கத்தவும் முடியாது. கண் கலங்கிவிட்டது.

"மாமா, இங்க பாருங்க. வெட்டினா போயிடும்னா நினைச்சீங்க? இது கத்திரியால வெட்டின துணி இல்ல. உள்பக்கமா மடிச்சுத் தைச்ச மாதிரி. பிரிச்சா அப்படியே வரும். நீங்க கத்தினது முழுசும் உள்ள பத்திரமா இருக்கு. எதையும் தூக்கிப் போடுறது இல்ல."

ஒரு மேட்டின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க, அந்த வெறும் கோடு உள்ளேயிருந்து நீண்டு வந்தது. ஒலியைக் கூட்டி வைத்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. பீரோ முனகியது. தூரத்தில், மெத்தைகளையும் தாண்டி, 'இங்க ஒண்ணும் இல்ல' என்று பெண்டாட்டி குரல் லேசாகக் கேட்டது.

"அடப்பாவமே, நானுமா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதைத் தனியா எடுத்துடலாம் அத்தை. இல்லேன்னா தெருவே திரும்பிப் போயிடும்."

இப்போது எவ்வளவு இடம் விடுவது என்ற கேள்வி வந்தது. அவர் சொல்ல முடியாது. எனவே நடித்தார். குரல் ஓடி முடிந்ததும், மாடி வீட்டுப் பெண்ணாக மாறி, கையைத் துடைத்தார், காதைக் கூர்மையாக்கினார், மோவாயில் விரல் வைத்து யோசித்தார், ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினார், கையைச் சட்டென்று இறக்கினார்: இங்கே அடுத்தது.

"இவ்வளவு வேகமாவா வருவா?" என்றாள் பெண்டாட்டி. "இடுப்புல புள்ளை இருக்கும், அடுப்புல பால் இருக்கும். பொம்பளை வேலை உங்களுக்கு என்ன தெரியும்? நான் காட்டுறேன். நீ போடும்மா."

அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மருமகள் குரலை ஓட்டினாள். அங்கே அடுப்பை அணைக்கிற சத்தம், தட்டை மூடுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. "என்னத்தைப் போடலாம்னு யோசிக்கிறேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். பின்வாசலுக்கு வந்து, "ஏய் பழைய இரும்பு, நில்லு!" என்று கத்தினாள். அவர் கையை இறக்கினார். மருமகள் அந்த இடத்தில் குறி வைத்தாள்.

அத்தோடு விடவில்லை. தலைமுழுகிக்கொண்டிருக்கிறவள், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவள், வயசாகி மெல்ல எழுந்திருக்கிறவள் என்று ஒவ்வொருத்தியாக அவள் வந்து காட்ட, அவர் கையை இறக்க, மருமகள் இடத்தை நீட்டியும் குறைத்தும் வைத்தாள். தலைமுழுகுகிறவளுக்காக ஒரு இடம் மிக நீளமாகப் போய்விட்டது. அதையும் அவர் அப்படியே இருக்கட்டும் என்று சைகை காட்டினார். மூன்று பேரும் அந்த மெத்தை அறையில் வியர்த்து, சிரித்து, சோறு ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை.

*

டாக்டர் தள்ளுவதற்கு அனுமதி கொடுத்தார், பேசுவதற்கு இன்னும் கொடுக்கவில்லை. சத்தம் எப்படி விழுகிறது என்று பார்க்க மருமகளும் கூட நடந்தாள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

குரல் போனது. நின்றது. அவர் வண்டியை நிறுத்தினார், தலையைச் சாய்த்தார். ஒரு ஜன்னல் திறந்தது.

"நில்லுங்க, வர்றேன்!"

இரும்புச் சட்டி அம்மாள்தான். இந்தத் தடவை ஒரு கட்டு பேப்பர். இறங்கி வந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? ஆளு பாதியா இருக்கீங்க. உடம்புக்கு என்ன?"

அவர் தொண்டையைக் காட்டினார்.

"தொண்டையில ஆபரேஷன்" என்றாள் மருமகள். "இன்னும் பேசக் கூடாது."

"அப்ப இது?" ஸ்பீக்கரைக் காட்டினாள். "இவரு குரல்தானே? பதமா கத்துது. முன்னாடி வந்ததே ஒரு சனியன், மண்டையைப் பிளந்துச்சு. இதை யாரு பண்ணிக் கொடுத்தது? நீ யாரும்மா?"

மருமகள் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் ஸ்பீக்கரும் திறந்தது. "பழேய்ய்ய இரும்பு..."

அவர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார். தன் குரலைத் தானே பாதியில் நிறுத்திவிட்டு, மருமகளைப் பார்த்தார்.

"நான் இவரு மருமக" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். போதாது என்று. விரலைச் சுழற்றிக் காட்டினார்: இன்னும் சொல்லு.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பாட்டு ரெக்கார்டிங் பண்றவ. வீட்டுலேயே ரூம் இருக்கு. இவரு குரலை நான்தான் பிடிச்சேன்."

"அட! பொண்ணு நீயா பண்ணியிருக்கே? என் பொண்ணு பாடுவா. கூட்டிட்டு வரட்டுமா?"

"வாங்க அக்கா."

சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டதா என்று அவர் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேப்பர்க் கட்டை வாங்கித் தராசில் வைத்தார். நடுவில் கையை விட்டுப் பார்க்காமலே வைத்ததை அந்த அம்மாள்தான் முதலில் கவனித்தாள். "என்ன, பிரிச்சுப் பாக்கலையா?" என்றாள். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, மருமகளிடம் ஸ்பீக்கரைக் காட்டினார்.

அவள்தான் அதைப் போட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.